மகன் போன் சேர்ந்ததும் வைஃபை படுத்துவிடுகிறது, ஏன்?

கேள்வி: எங்கள் வீட்டில் 50 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. பகலில் பிரச்சினையே இல்லை. மாலையில் மகன் வந்து, அவன் ஆண்ட்ராய்டு போன் வைஃபையில் சேர்ந்த சில நிமிடங்களில் டிவியில் வட்டம் சுற்றுகிறது. என் ஆபீஸ் மீட்டிங்கில் குரல் விட்டு விட்டு வருகிறது. போனை ஏர்பிளேன் மோடில் போட்டால் சரியாகிவிடுகிறது. இத்தனைக்கும் அவன் போனைத் தொடுவதுகூட இல்லை, அது பாட்டுக்கு சார்ஜில் கிடக்கிறது. போனில் கோளாறா? ரவுட்டரை மாற்றவேண்டுமா?

பதில்: ‘சார்ஜில் கிடக்கிறது’ என்றீர்களே, துப்பு அதில்தான் இருக்கிறது. வைஃபை கிடைத்து, சார்ஜும் ஏறி, திரை அணைந்திருக்கும் நேரத்துக்காகத்தான் போன் நாள் முழுக்கக் காத்திருக்கிறது. பிளே ஸ்டோர் அப்டேட்டுகளை இறக்குவதும், கூகுள் போட்டோஸ் அன்று எடுத்த படங்களையும் வீடியோக்களையும் மேலே ஏற்றுவதும் பெரும்பாலும் அப்போதுதான். இறக்குவதால் பொதுவாகப் பெரிய தொல்லை வராது. ஏற்றுவதுதான் வீட்டையே முடக்கும்.

டிவி வீடியோவை இறக்கும்போது, ‘வந்து சேர்ந்தது’ என்று சின்னச் சின்ன ரசீதுகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். ரசீது போனால்தான் அடுத்த கட்டு வரும். போனின் வீடியோ அப்லோடு பாதையை அடைத்துக்கொண்டால், ரவுட்டர் எல்லாவற்றையும் தன் நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி வைக்கிறது. டிவியின் ரசீதும் மீட்டிங்கில் நீங்கள் பேசிய வார்த்தையும் அந்த வரிசையின் வாலில் போய் நிற்கும். டவுன்லோடு பாதை காலியாகக் கிடந்தும் டிவி திணறுவது இதனால்தான். திட்டத்தில் சொல்லும் 50 எம்பிபிஎஸ் அப்லோடுக்கும் சேர்த்தா என்று பாருங்கள். சில திட்டங்களில் அது டவுன்லோடுக்கு மட்டுமே. ஏற்றும் வேகம் 10 எம்பிபிஎஸ் என்றால், 5 ஜிபி கல்யாண வீடியோ போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஆனால் இதே அறிகுறியை இன்னொரு காரணமும் தரும். அதனால் எதையும் மாற்றும் முன் ஒரு சோதனை. லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, பிங் கட்டளையை (பதில் திரும்பிவர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று காட்டும்) ரவுட்டரின் முகவரிக்குக் கொடுங்கள். முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. கடைசியில் ஓர் இடைவெளி விட்டு ஹைஃபன், டி சேர்த்தால் நிற்காமல் ஓடும். இன்னொரு ஜன்னலில் அதே கட்டளையை 8.8.8.8க்கு, அதாவது வெளியே இருக்கும் கூகுள் சர்வருக்கு, ஓடவிடுங்கள். இப்போது போனை வைஃபையில் சேர்த்து, சார்ஜில் போட்டு, இரண்டு ஜன்னல்களையும் ஐந்து நிமிடம் பாருங்கள்.

முதல் ஜன்னல் 5, 10 மில்லி விநாடியில் அமைதியாக ஓட, இரண்டாவது மட்டும் 300, 500 என்று ஏறினால், அடைப்பு வெளியே போகும் லைனில். பெரும்பாலும் மேலே சொன்ன அப்லோடுதான். முதல் ஜன்னலே குதித்தால் அடைப்பு வீட்டுக்குள், காற்றில், அதாவது வைஃபை அலையில்.

லைனில் அடைப்பு என்றால் மருந்து சுலபம். கூகுள் போட்டோஸில் ப்ரொஃபைல் படத்தைத் தட்டி, போட்டோஸ் செட்டிங்ஸ் போய் பேக்கப்பை நிறுத்திப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் பிங் இறங்கினால் ஆள் சிக்கிவிட்டார். வாட்ஸ்அப் சாட் பேக்கப்பில் வீடியோக்களைச் சேர்ப்பதையும் அணையுங்கள். பேக்கப் வேண்டும், ஆனால் மாலையில் வேண்டாம் என்றால், போனின் வைஃபை பட்டியலில் உங்கள் நெட்வொர்க் பெயருக்குப் பக்கத்துப் பற்சக்கரத்தைத் தட்டி அதை ‘மீட்டர்டு’ (டேட்டாவை அளந்து செலவிடவேண்டிய லைன்) என்று மாற்றுங்கள். பின்னணி வேலைகள் பெரும்பாலும் அடங்கிவிடும். படுக்கப்போகும்போது பழையபடி மாற்றினால் போதும். ஐபோனில் இதே வேலையை ‘லோ டேட்டா மோடு’ செய்யும்.

தினமும் மாற்றுவது சலித்துப்போகும். ரவுட்டரில் பேண்ட்வித் கன்ட்ரோல் (ஒவ்வொரு கருவிக்கும் வேக வரம்பு வைக்கும் வசதி) இருந்தால், அந்தப் போனின் அப்லோடுக்கு மொத்த வேகத்தில் பாதியை உச்சவரம்பாக வையுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. ஆண்ட்ராய்டு 10 முதல், போன் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு புனை மேக் முகவரியை (ரவுட்டர் கருவியை அடையாளம் காணும் எண்) காட்டுவதுதான் வழக்கம். உங்கள் ரவுட்டர் தரும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசை நெட்வொர்க்குகளுக்குத் தனித்தனிப் பெயர் இருந்தால் ஒரே போன் ரவுட்டர் பட்டியலில் இரண்டு ஆளாக நிற்கும். ஒன்றுக்கு வைத்த வரம்பு மற்றதைக் கட்டுப்படுத்தாது. அதே பற்சக்கரத்தில் பிரைவசி பகுதிக்குப் போய் ‘டிவைஸ் மேக்’ தேர்ந்தெடுத்துவிட்டு வரம்பு வையுங்கள்.

காற்றில் அடைப்பு என்றால் கதை வேறு. ஒரு சேனலில், அதாவது வைஃபை அலைவரிசையின் ஒரு பாதையில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேசமுடியும். மகனின் அறை ரவுட்டரிலிருந்து இரண்டு சுவர் தள்ளியிருந்தால், போன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெல்லப் பேசும். 1500 பைட் கொண்ட ஒரு பாக்கெட் (டேட்டாவின் ஒரு கட்டு) 72 எம்பிபிஎஸ்ஸில் 0.17 மில்லி விநாடியில் முடிந்துவிடும். 1 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கினால் அதற்கே 12 மில்லி விநாடி. அதுவரை டிவியும் லேப்டாப்பும் வாய்மூடிக் காத்திருக்கவேண்டும்.

இதற்கு டிவியை லேன் கேபிளில் மாட்டுவதுதான் எல்லாவற்றிலும் மலிவான, உருப்படியான வழி. கேட் 5இ கேபிள் போதும். டிவியின் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டும் என்றாலும் 4கே படத்துக்குத் தாராளம். லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸில் வையுங்கள். 2.4இல் சேனலை 1, 6, 11இல் கூட்டம் குறைந்த ஒன்றில் நிறுத்தி, சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். ரவுட்டர் டிவி அலமாரிக்குள்ளோ ஃபிரிட்ஜுக்குப் பின்னாலோ இருந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள்.

இரண்டும் பொருந்தாவிட்டால், போனின் வைஃபையில் ஐபி செட்டிங்ஸைப் பாருங்கள். யாராவது ‘ஸ்டாட்டிக்’ (முகவரியைக் கையால் கொடுப்பது) என்று வைத்து, ரவுட்டரின் முகவரியையே போனுக்கும் கொடுத்திருந்தால், போன் உள்ளே வந்ததும் எல்லாக் கருவியும் வழி தவறும். ரவுட்டரே முகவரி கொடுக்கும் டிஹெச்சிபிக்கு மாற்றினால் தீர்ந்தது. இலவச விபிஎன் ஏதாவது இருந்தால் அழித்துவிடுங்கள். அவற்றில் சில, உங்கள் லைனை வேறு யாருக்கோ வாடகைக்கு விடும் ரகம்.

ரவுட்டரை மாற்றுவது பற்றி: உங்களுடையது 2.4 மட்டும் தரும் பழைய பெட்டி என்றால் மாற்றலாம். 5 கிகாஹெர்ட்ஸும் இருந்தால், மேலே சொன்னதை முடித்துவிட்டு ஒரு வாரம் பார்த்த பிறகு கடைக்குப் போங்கள்.