மாமன் கட்டும் ஃபீஸும் மாதிரிப் பள்ளி சீட்டும்

பள்ளிக்கூடம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார், பாலக்கோட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்.

கேள்வி: வணக்கம் டீச்சர். எங்களுக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம். மூன்று ஏக்கர் மாந்தோப்பு. மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு, தமிழ் மீடியம். ஒன்பதாம் வகுப்புக்கு மாவட்ட அரசு மாதிரிப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். இதற்கிடையில் சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி, “அவளை ஓசூர் பக்கம் இன்டர்நேஷனல் ஸ்கூலில் போர்டிங்கில் சேர்த்துவிடு அக்கா, ஃபீஸ் நான் கட்டுகிறேன்” என்கிறான். வருஷத்துக்கு எட்டு லட்சம். அங்கே போனால் இங்கிலீஷ் தானாக வந்துவிடுமாம். மகளுக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை. வீட்டுக்காரர், “உன் தம்பி, நீயே முடிவு பண்ணு” என்று தோப்புக்குப் போய்விட்டார். தம்பி பையனும் அந்த ஸ்கூலில்தான் பத்தாவது படிக்கிறான். எதில் சேர்க்கட்டும்?
வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: மாதிரிப் பள்ளியில் சேருங்கள் அம்மா. தம்பிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் என்பதால் கணக்கையும் போட்டுத் தருகிறேன். நான் கணக்கு டீச்சர். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். அதற்கு முன்னால் எல்லாம் ஒரே தர்மபுரி மாவட்டம், மாறுதலில் உங்கள் பக்கமும் வேலை பார்த்திருக்கிறேன். மாம்பழக் காசு எப்போது வரும், எப்போது வராது என்று எனக்கும் தெரியும்.

டாக்டர் ஆசையை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய வரி. 2020இல் வந்த சட்டப்படி, நீட் தேறிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாநில மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புகளுக்கும் அதே அளவு வந்தது. ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளிகூடச் செல்லாது. உங்கள் மகள் ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வருஷத்தைச் சேர்த்து வைத்திருக்கிறாள். ஒன்பதில் வெளியே போய், ஒத்துவரவில்லை என்று பதினொன்றில் திரும்பி வந்தாலும் அந்த மூன்று வருஷம் போனது போனதுதான். இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். மருத்துவம் கிடைக்காமல் வேறு டிகிரிக்குப் போனாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கு வரும்.

இன்டர்நேஷனல் என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓசூர் ரோட்டில் அந்தப் பெயரோடு தொங்கும் பலகைகளில் பல, உள்ளே போனால் சிபிஎஸ்இ. அது தப்பில்லை, ஆனால் அதற்கு எட்டு லட்சமா என்று கேட்கலாம். நிஜமாகவே கேம்பிரிட்ஜ், ஐபி மாதிரி வெளிநாட்டுப் பாடத்திட்டம் என்றால் கதை வேறு. பிளஸ் டூவுக்குச் சமமான ஐபி டிப்ளமாவில் ஒவ்வொரு பிள்ளையும் 4,000 சொல்லுக்குள் சொந்தமாக ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியாக வேண்டும். நம் பிள்ளைகள் பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் சொந்தமாக நான்கு பக்கம் எழுதுவதில்லை, கைடில் இருப்பதைத்தான் எழுதுகிறார்கள். அந்த விஷயத்தில் எனக்கு அந்தப் பள்ளிகள் மேல் பொறாமை உண்டு, மறைக்கவில்லை. வெளிநாட்டில் டிகிரி படிக்கப் போகிற பிள்ளைக்கு அது நல்ல வழி. உங்கள் மகளோ நீட் எழுத வேண்டியவள். நீட் கேள்விகள், மத்திய அரசுப் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஒட்டி வருகின்றன. ஐபி படித்துக்கொண்டே அதற்குத் தனியாகக் கோச்சிங் போவது ஒரே நேரத்தில் இரண்டு பள்ளிக்கூடம் படிப்பது மாதிரி.

இங்கிலீஷ் தானாக வருமா? வரும், ஆனால் ஒன்பதாவதில் அல்ல. ‘உந்தம்’ என்றால் நிறை பெருக்கல் திசைவேகம் என்று உங்கள் மகள் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். அங்கே டீச்சர் ‘மொமென்டம்’ என்று ஆரம்பித்து, எல்லாரும் தலையாட்டி, அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார்கள். தெரிந்த விஷயமே தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்பது ஒரு பிள்ளைக்குப் பெரிய கொடுமை. பின்வரிசைக்குப் போய்விட்ட கெட்டிக்காரப் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். நீட்டைத் தமிழிலேயே எழுதலாம் என்பதையும் தம்பியிடம் சொல்லுங்கள்.

இனி பணம். எட்டு லட்சம் என்பது முதல் வருஷக் கணக்கு. வருஷத்துக்குப் பத்து சதவீதம் ஏற்றினால் இரண்டாம் வருஷம் 8.8 லட்சம், மூன்றாம் வருஷம் 9.68, நான்காம் வருஷம் 10.65. கூட்டினால் 37 லட்சத்துக்கு மேல். டெபாசிட், லேப்டாப், பரீட்சைக் கட்டணம், டூர், மற்றப் பிள்ளைகள் போடுகிற மாதிரி ஷூ, எதையும் இதில் நான் சேர்க்கவில்லை. பாதி வழியில் தம்பிக்கு வேலை போனால்? பெங்களூரா மாங்காய் 2025இல் விற்ற விலையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோப்புக் காசு ஆடிக்குள் வந்து தீர்ந்துவிடும், இரண்டாம் தவணை ஃபீஸ் கார்த்திகையில் வந்து நிற்கும்.

அப்புறம், தம்பி பையனைப் பற்றி எழுதிய அந்த வரி. அதை இரண்டு தடவை படித்தேன். மாமன் மகன், முறைப்பையன். உங்கள் தம்பி மனசில் அப்படி எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம், அக்கா மகள் மேல் இருக்கும் பாசம்தான். ஆனால் நம் பக்கத்து வழக்கம் உங்களுக்கும் தெரியும். 37 லட்சம் வாங்கிய வீட்டில், ஆறு வருஷம் கழித்து யாராவது வெற்றிலை பாக்கோடு வந்து உட்கார்ந்தால், வேண்டாம் என்ற சொல் வாய்க்கு வராது. உங்களுக்கே வராது என்றால் அந்தப் பெண்ணுக்கு எங்கே வரப்போகிறது? நான் அதிகமாக யோசிக்கிறேன் என்றால் மன்னியுங்கள். பத்தாவது முடித்த கையோடு தாலி ஏறிய மாணவிகளின் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து கெஞ்சியிருக்கிறேன். நான்கு வீட்டில் ஒரு வீட்டில்தான் கேட்டார்கள்.

மாதிரிப் பள்ளி என்றால் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடலாமா? கூடாது. என் மகனை இப்படித்தான் ஒரு தனியார் விடுதிப் பள்ளியில் விட்டேன். ஊர் வேண்டாம், பெயரும் வேண்டாம். பிளஸ் ஒன் முடிந்து வந்தபோது டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். பிளஸ் ஒன் கணக்குப் புத்தகம் கடையில் வாங்கிய மாதிரியே இருந்தது, முதுகுகூட மடங்கவில்லை. இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே அரைத்திருக்கிறார்கள். கணக்கு டீச்சர் மகன் இன்ஜினியரிங் முதல் வருஷம் கணக்கில் அரியர் வைத்தான். அவனைத் திட்டவில்லை, பெட்டியைத் திறந்த அன்றைக்கே கூட்டி வராதது என் தப்பு.

அதனால் சேர்ப்பதற்கு முன் ஒரு வேலை நாளில், முன்கூட்டிச் சொல்லாமல், மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிளஸ் ஒன் பிள்ளை ஒருத்தியின் நோட்டை வாங்கிப் பாருங்கள், பிளஸ் ஒன் பாடம் அதில் இருக்கிறதா என்று. விடுதி சொந்தக் கட்டடமா, தற்காலிக இடமா? ராத்திரி கழிவறைக்குப் போகிற வழியில் விளக்கு இருக்கிறதா? தூங்குகிற நேரம் எத்தனை மணி என்று வார்டனிடம் கேட்காதீர்கள், பிள்ளைகளிடம் கேளுங்கள். பயிற்சி, தேர்வு, திரும்பவும் பயிற்சி என்று நெருக்கடி அங்கேயும் உண்டு.

தம்பியிடம் சண்டை வேண்டாம். “இப்போ வேண்டாம்டா, அவ காலேஜ் போறப்ப நானே கேக்கறேன்” என்று சொல்லுங்கள். அக்கா கேட்பதாகச் சொன்னதே அவனுக்குப் போதும். அவசியம் ஏதாவது செய்வேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் அவளோடு போனில் இங்கிலீஷ் பேசட்டும்.

கேள்வி: பையன் மாதிரிப் பள்ளி விடுதியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. போன் பண்ணினால் அழுகிறான். கூட்டி வந்துவிடலாமா?
வாசகர், பென்னாகரம்

பதில்: ஞாயிற்றுக்கிழமை போனில் அழுகிறான், சரி. திங்கட்கிழமை எப்படி இருக்கிறான் என்று வகுப்பாசிரியரைக் கேட்டீர்களா? விளையாடுகிறான், சாப்பிடுகிறான் என்றால் காலாண்டு விடுமுறை வரை பொறுங்கள். போனில் வீட்டு நாய்க்குட்டியைப் பற்றிப் பேசாதீர்கள், அம்மாவையும் விசும்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனால் சாப்பிடவில்லை, படுக்கையை நனைக்கிறான், யாரோ அடிக்கிறார்கள், சாதி சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே பஸ் ஏறுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, கல்வித் துறையின் உதவி எண் 14417, இரண்டையும் குறித்து வையுங்கள். அவனுக்கும் தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மாதிரிப் பள்ளி கிடைத்தது. என் பையன் ஏழாவது. நாளைக்கு இவனுக்குக் கிடைக்காமல் ஊர்ப் பள்ளியிலேயே படித்தால் வீண்தானா?
வாசகி, அரூர்

பதில்: வீணா? மேலே சொன்ன 7.5 சதவீதம் ஊர்ப் பள்ளிக்கும்தான். பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் இருக்கிறது, கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம். அதற்கு முன்னால் எட்டாவதில் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வை எழுத வையுங்கள். தேறினால் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய், மொத்தம் 48,000. குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஏழாவதில் 55 சதவீத மார்க்கும் வேண்டும், எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 50 போதும். இப்போது ஏழாவதுதானே, போன பரீட்சைப் பேப்பரை எடுத்து எந்தப் பாடத்தில் குறைகிறது என்று இன்றைக்கே பாருங்கள்.