தக்காணத்து ஓநாய்களும் கிடை ஆடுகளும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஓநாய் காட்டு விலங்குதானே, ஊரை ஒட்டி ஏன் திரிகிறது?

பதில்: தக்காணத்து ஓநாய் அடர்காட்டை நாடுவதில்லை. சோலாப்பூர், புனே, கொப்பள் பகுதிகளின் புல்வெளியும் முட்புதரும் மானாவாரி வயல்களும்தான் அதன் இருப்பிடம். ஊர்களும் ஆட்டுக்கிடைகளும் காலங்காலமாக அதே நிலத்தில்தான் இருந்து வருகின்றன. வெளிமான், முயல், எலி ஆகியவற்றை அது வேட்டையாடும். வெளிமான் அருகிய இடங்களில் பெரும்பாலும் ஆடுகளை நம்பியே பிழைக்கிறது. அரசுப் பதிவேடுகளில் இந்தப் புல்வெளிகள் பல தரிசு என்றே குறிக்கப்பட்டிருப்பதால், தொழிற்பேட்டைக்கும் சூரிய மின் நிலையத்துக்கும் எளிதில் கைமாறிவிடுகின்றன. எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்.

கேள்வி: நான் ஆடு வளர்க்கிறேன். ஆட்டை இழப்பவர் ஓநாயை எப்படிப் பொறுத்துக்கொள்வார்?

பதில்: நியாயமான கேள்வி. மகாராட்டிரத்தின் தங்கர் இடையர்கள் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுகிறார்கள். எருவுக்காக நிலத்துக்காரர் தானியமோ பணமோ கொடுக்கிறார். மாலையில் கம்புகளை நட்டு, சுற்றிலும் வலை கட்டி, குட்டிகளைத் தனியே நடுவில் அடைத்து, நாய்களை வெளியே விட்டு, ஆட்கள் கிடையை ஒட்டியே கம்பளி விரித்துப் படுக்கிறார்கள். இவற்றில் ஒன்று தளர்ந்தாலும் ஓநாய்க்கு வழி கிடைத்துவிடும். மிரண்டு சிதறும் மந்தையில்தான் இழப்பு மிகுதி என்பதால், வலையின் முதல் வேலை ஆடுகளைச் சிதறாமல் வைத்திருப்பதே. இவ்வளவு செய்தும் சில ஆடுகள் போகத்தான் செய்கின்றன. அரசு இழப்பீடு உண்டு என்றாலும், செத்த ஆட்டை அதிகாரி நேரில் பார்க்கும்வரை அலைகுடி இடையரால் ஓரிடத்தில் காத்திருக்க முடிவதில்லை. அவர் செல்லும் ஊரிலேயே விண்ணப்பத்தை வாங்கி விரைவில் பணம் கொடுத்தால், இறந்த ஆட்டில் நஞ்சு வைக்கும் எண்ணம் குறையும் என்று நம்புகிறேன்.

கேள்வி: ஓநாய் மனிதரைத் தாக்குமா?

பதில்: மிக அரிது, ஆனால் நடந்திருக்கிறது. 1996இல் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் 2024இல் அம்மாநிலத்தின் பஹ்ராய்ச் மாவட்டத்திலும் குழந்தைகள் உயிரிழந்தனர். கதவில்லாத வீடுகளிலும் திறந்த முற்றங்களிலும் குழந்தைகள் உறங்கும் வறுமையை விட்டுவிட்டு இதைப் பேசக் கூடாது. வெறிநோய் கண்ட ஓநாய் வேறு வகை: எதிர்ப்படுவோரையெல்லாம் கடிக்கும். கடிபட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை சென்று தடுப்பூசியும் தேவையான எதிர்ப்புப் புரதமும் (இம்யூனோகுளோபுலின்) பெற வேண்டும்.

கேள்வி: சரணாலயம் அமைத்தால் போதாதா?

பதில்: போதாது. ஜார்க்கண்டின் மகுவாடாண்ட் சரணாலயம் 1976 முதல் இருக்கிறது. கர்நாடகத்தின் பங்காப்பூரிலும் ஓநாய்க்கென்று சுமார் 332 எக்டேர் ஒதுக்கப்பட்டுள்ளது. இரண்டையும் வரவேற்கிறேன். ஆனால் ஒரு கூட்டம் திரியும் பரப்பு நூறு சதுர கிலோமீட்டரையும் தாண்டக்கூடும். 332 எக்டேர் என்பது நான்கு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. நாட்டில் சுமார் 3,100 ஓநாய்கள் இருப்பதாக 2022இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது; அவற்றில் பெரும்பாலானவை வாழ்வது காப்புப் பகுதிகளுக்கு வெளியேதான்.

கேள்வி: தெருநாய்களால் ஓநாய்க்கு ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. வெறிநோயும் டிஸ்டெம்பர் என்ற நச்சுயிரி நோயும் நாய்களிடமிருந்து பரவுகின்றன. ஓநாய் நாயோடு கூடிப் பிறந்த கலப்பினமும் புனே அருகே உறுதியாகியுள்ளது. நாய்களை ஈர்க்கும் கோழிப்பண்ணைக் கழிவை வெளியில் கொட்டுவதை நிறுத்துவதும் நாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும் ஊராட்சியே செய்யக்கூடியவை.

கேள்வி: எங்கள் நிலத்தோரப் பள்ளத்தில் குட்டிகளைப் பார்த்தோம். என்ன செய்யலாம்?

பதில்: தொடாதீர்கள், படமெடுத்துப் பரப்பாதீர்கள். புகை போடுவதும் பள்ளத்தை மூடுவதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் அதன் முதல் அட்டவணையில் ஓநாய் உள்ளது. வனத்துறைக்குத் தெரிவியுங்கள். குட்டிகள் வளர்ந்து தாயோடு செல்லும் வரை அந்தப் பக்கம் மேய்ச்சலை விலக்கி, உங்கள் நாய்களைக் கட்டி வையுங்கள்.