தொட்டி நீர் 420 காட்டினால் விஷமா?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வீட்டில் இரண்டடி மீன்தொட்டி வைத்திருக்கிறேன். கப்பிகள் ஆறு மாதமாக நன்றாக இருக்கின்றன. புதிதாக வாங்கி விடும் நியான் டெட்ராக்கள் மட்டும் இரண்டே நாளில் செத்துவிடுகின்றன. நீரில் கரைந்திருப்பவற்றின் அளவைக் காட்டும் டிடிஎஸ் பேனாவால் பார்த்தால் குழாய் நீர் 45, தொட்டி நீர் 420 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்). நீர் வற்றும்போது குழாய் நீரை ஊற்றி நிரப்புகிறேன். அழகுக்காக மலையடிவாரத்தில் பொறுக்கிய வெள்ளைக் கற்களைப் போட்டிருக்கிறேன். தண்ணீரை முழுவதும் மாற்றிவிடலாமா? உப்புப் போட்டால் சரியாகுமா?

பதில்: முழுவதும் மாற்ற வேண்டாம். ஒரே நாளில் 420லிருந்து 45க்கு இறக்கினால், நன்றாக இருக்கும் கப்பிகளையும் இழக்க நேரிடும்.

420 விஷமல்ல. கப்பிக்கு 150 முதல் 400 வரை ஒத்துக்கொள்ளும். மெல்ல ஏறினால் அதற்கு மேலும் பழகிவிடும். நியானுக்கு ஏற்றது 50 முதல் 150 வரை. மீனின் இரத்தத்தில், லிட்டருக்கு ஏறக்குறைய 9 கிராம் உப்புக்கு நிகரான கரைபொருள் இருக்கிறது. வெளி நீரில் அது மிகக் குறைவு. அதனால் நீர் செவுள் வழியாக உடலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் அதை ஓயாமல் வெளியேற்றும், செவுள்கள் உப்பை உள்ளே இழுக்கும். எந்த நீரில் பழகியதோ அதற்கேற்ற வேகத்தில்தான் இந்த வேலை நடக்கும். வேகத்தை மாற்றிக்கொள்ளச் சில நாள் பிடிக்கும். கடையில் 80 பிபிஎம்மில் இருந்த நியானை அரை மணி நேரத்தில் 420க்கு மாற்றினால், அன்று நீந்தும், மறுநாள் ஒதுங்கும், அதற்கடுத்த நாள் சாகலாம். நீங்கள் சொல்லும் இரண்டு நாள் கணக்கு இதற்குப் பொருந்துகிறது.

பேனா நீரின் மின்கடத்துதிறனை அளந்து, அதை 0.5 அல்லது 0.7ஆல் பெருக்கிக் காட்டுகிறது. ஒரே நீரை ஒரு பேனா 300 என்றும் இன்னொன்று 420 என்றும் சொல்லலாம், இரண்டும் சரியே. ஆகவே கடை நீரையும் வீட்டு நீரையும் ஒரே பேனாவால் அளந்து ஒப்பிடுங்கள். கரைந்தது சுண்ணாம்பா, உப்பா, நைட்ரேட்டா என்று அது சொல்லாது. மீனைக் கொல்லும் அளவு அம்மோனியாவோ குளோரினோ இருந்தாலும் எண் அசையாது. கனமழைக்குப் பின் குழாயில் வரும் கலங்கலும் அதில் தெரியாது.

இனி, 420 எங்கிருந்து வந்தது? பலரும் ஆவியாதலைத்தான் குற்றம் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் தொட்டி சுமார் 55 லிட்டர் பிடிக்கும். வாரம் 6 லிட்டர் வற்றி, 45 பிபிஎம் நீரால் நிரப்பினால் சேர்வது 270 மில்லிகிராம். அதாவது வாரத்துக்கு 5 பிபிஎம். ஆறு மாதத்தில் 130 கூடும், அவ்வளவுதான். மீதி 245க்கு வேறு காரணம் வேண்டும். தீவனமும் கழிவும் ஒரு பங்கு. பெரிய சந்தேகம் அந்த வெள்ளைக் கற்கள்மேல். உங்கள் பக்கத்துக் கிந்தா பள்ளத்தாக்கு சுண்ணாம்புக்கல் மலைகள் நிறைந்த பகுதி. ஒரு கல்லைக் காயவைத்து, சுரண்டி, எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. இன்னும் உறுதியாக அறிய, எல்லாக் கற்களையும் ஒரு வாளிக் குழாய் நீரில் ஒரு வாரம் ஊறவைத்து அளந்து பாருங்கள்.

நீரை மாற்றத் தொடங்குமுன் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி கேஎச் (நீரின் கார்பனேட் கடினத்தன்மை), பிஎச் (அமில, கார அளவு), அம்மோனியா மூன்றையும் பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. கேஎச் 8க்கு மேல் இருந்தால் கல்தான் காரணம், அவசரமில்லை. கேஎச் ஒன்றுக்குக் கீழே, பிஎச் 6க்கும் கீழே என்றால், கழிவு சேர்ந்து அமிலமான பழைய நீர் அது. அங்கே அம்மோனியா, தீங்கு குறைந்த அம்மோனியமாக அடங்கிக் கிடக்கும். புது நீர் நிறைய ஊற்றி பிஎச் சட்டென ஏறினால் அது மறுபடி நச்சு அம்மோனியாவாகிவிடும். ‘தண்ணி மாத்தினேன், எல்லாம் செத்துப்போச்சு’ என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கும். அந்த நிலையில் தீவனத்தைப் பாதியாக்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை 5 விழுக்காடு மட்டும் மாற்றுங்கள்.

கல்தான் காரணம் என்றால், முதலில் கற்களை எடுத்துவிட்டு, இரண்டு நாளுக்கொருமுறை 10 விழுக்காடு, அதாவது ஐந்தரை லிட்டர், மாற்றுங்கள். 420 முதல் முறையில் 382 ஆகும், அடுத்து 349. ஆறாவது முறைக்குப் பின் 244 அளவில் நிற்கும். புது நீருக்கு, குளோரினை நீக்கும் ஆன்டி குளோரின் மருந்தைப் பாட்டிலில் போட்ட அளவுப்படி சேருங்கள். எண் 200 அளவுக்கு வந்தபின் வாரம் 20 விழுக்காடு போதும். அடிமணலில் தங்கும் கழிவைக் குழாயால் உறிஞ்சி எடுத்தே மாற்றுங்கள். வெறும் நிரப்பல் மாற்றுதல் ஆகாது: நீர் ஆவியாகும், கரைந்தது போகாது.

உப்பு வேண்டாம். 6 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, உங்கள் தொட்டியில் சுமார் 110 பிபிஎம்மை ஏற்றிவிடும். நோய்க்கு மருந்தாக உப்புப் போட வேண்டுமென்றால் தனித் தொட்டியில் போடுங்கள்.

நியான் வளர்க்கும் ஆசை இருந்தால் சிறு தொட்டி ஒன்று தனியாக வையுங்கள். உங்கள் குழாய் நீர் அதற்கு அருமையான நீர். கப்பியோடுதான் விடுவேன் என்றால் 150க்கு அருகே இறக்கியபின் வாங்குங்கள். பையில் உள்ள நீரை அளந்து, வித்தியாசம் 100ஐத் தாண்டினால், காற்றுக் குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டி நீரை மீன் இருக்கும் பை நீரில் நொடிக்கு இரண்டு சொட்டாக விட்டு, ஒரு மணி நேரத்தில் நீர் இரட்டிப்பாகும்படி பழக்குங்கள். பையின் நீரைத் தொட்டியில் கொட்ட வேண்டாம். வெளியூரிலிருந்து பல மணி நேரம் பயணப்பட்டு வந்த பை என்றால் இப்படிச் சொட்டு விடக் கூடாது. பையைத் திறந்ததும் பிஎச் ஏறி, உள்ளே சேர்ந்த அம்மோனியா நஞ்சாகும். அந்த மீனுக்குப் பையின் எண்ணுக்கே நீரைத் தயாரித்த தனித் தொட்டி வேண்டும். வலையால் எடுத்து உடனே அதில் விட்டு, ஒரு வாரத்தில் மெல்ல உங்கள் தொட்டி அளவுக்குக் கொண்டுவாருங்கள்.