கொழும்பு – மாலே விமானம்: தூரம், நேரம் (கேள்வி பதில்)

திருமங்கலம்: அண்ணே, மதுரையிலிருந்து கொழும்பு வழியா மாலத்தீவோட மாலே போறோம். கொழும்பு–மாலே 57 நிமிஷம்னு இணையத்துல போட்டிருக்கு, டிக்கெட்ல ஒன்றரை மணி நேரம். எது சரி?

பதில்: டிக்கெட். நேர்கோட்டில் தூரம் சுமார் 775 கி.மீ., அதாவது 420 கடல் மைலுக்குப் பக்கம். அதை மணிக்கு 820 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 57 நிமிடம் வந்துவிடும். ஆனால் அந்த வேகம் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் கிடையாது. ஓடுபாதைவரை ஊர்ந்து போகவே பத்து நிமிடம் ஆகும். இன்னொன்று, மாலே விமான நிலையம் இருப்பது ஹுல்ஹுலே தீவில். அங்கே ஓடுபாதை வடக்கு தெற்காகக் கிடக்கிறது. கிழக்கிலிருந்து போகிற விமானம் வளைந்து திரும்பித்தான் இறங்கணும்.

மேலூர்: போகும்போது 10 மணிக்குக் கிளம்பினா 11க்கு இறங்குது. திரும்பும்போது 12க்குக் கிளம்பி 2 மணிக்கு. எதிர்க்காத்தா?

பதில்: காற்றில்லை, கடிகாரம். மாலே நேரம் நம்மைவிட அரை மணி பின்னால். இலங்கைக்கு நம் நேரமேதான். இரண்டு பக்கமும் பயணம் ஒன்றரை மணிதான்.

தெப்பக்குளம்: காத்தே காரணமில்லைன்னா எப்படி? ஆடிக்காத்துல அம்மியே பறக்கும். தென்மேற்குக் காத்து போகும்போது எதிர்ல தானே அடிக்கும்?

பதில்: அம்மி பறப்பது தரையில். ஜூன் முதல் செப்டம்பர்வரை 35,000 அடி உயரத்தில் காற்று தலைகீழ்: கிழக்கிலிருந்து மேற்கே. போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும். 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) காற்று என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 450 நாட் வேகத்தில் போகும் விமானம் மேலே 300 கடல் மைல் ஓடினால் 40 நிமிடம். பின்காற்றில் முப்பத்தேழரை, எதிர்க்காற்றில் 43. போக வர வித்தியாசம் ஐந்தரை நிமிடம். ஒரு மணி நேரமில்லை.

உசிலம்பட்டி: சார், மாலேக்கு எத்தனை மணி நேரம்?

பதில்: முதல் பதில்.

அவனியாபுரம்: மதுரை–கொழும்பு? ரெண்டு டிக்கெட்டும் தனித்தனியா எடுத்தா மலிவா இருக்கே.

பதில்: சுமார் 355 கி.மீ., ஒரு மணி நேரம். மலிவு சரி. ஆனால் கொழும்பில் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டிவரும்; அதற்கு வெளியே வர இலங்கை அனுமதியும் வேணும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது காத்திருக்காது. ஒரே டிக்கெட்டாக எடுங்க.

தெப்பக்குளம்: அப்ப டிசம்பர்ல? ஜெட் காத்து இருக்குல்ல?

பதில்: ஜெட் காற்று என்பது உயரத்தில் மிக வேகமாக ஓடும் காற்று; டிசம்பரில் அது வட இந்தியாவுக்கு மேலே. இந்தப் பாதைக்கு எட்டாது.

கே.கே. நகர்: சாயங்காலம் 5க்கு மாலேல இறங்கி, கடல் விமானத்துல ரிசார்ட் போயிடலாமா?

பதில்: முடியாது. கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். அன்றிரவு மாலேயில் அறை எடுக்கணும், இல்லையென்றால் வேகப்படகு போகிற தூரத்தில் ரிசார்ட் பாருங்க. கொழும்பு டியூட்டி ஃப்ரீயில் மது பாட்டில் வாங்கவேண்டாம், மாலே சுங்கத்தில் பிடித்து வைத்துக்கொள்வார்கள்.

ஆரப்பாளையம்: கப்பல்ல போனா எவ்வளவு நாள்?

பதில்: கப்பல்காரரைக் கேளுங்க.

சிம்மக்கல்: அண்ணே, கொழும்பு–மாலே எவ்வளவு நேரம்?

பதில்: ஒன்றரை. தனி டிக்கெட் எடுக்காதீங்க.