கோவையின் எம்.பி. பார்வதி கிருஷ்ணன்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவில், நம் சுங்கை சிப்புட் வாசகர் வட்டத்தில் போன மாதம் நம் ஊரின் பழைய எம்.பி. துன் சம்பந்தன் காலத்துத் தேர்தல்களைப் பேசினோம். இந்த மாதம் தமிழ்நாட்டுப் பக்கம் போகலாம் என்று நான்தான் பார்வதி கிருஷ்ணனின் பெயரைச் சொன்னேன். கூலி வாங்கிப் பிழைக்கும் மக்கள் நிறைந்த ஒரு ஊர் மூன்று முறை ஒரு பெண்ணை டில்லிக்கு அனுப்பியது. நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

லிந்தாங் பக்கத்திலிருந்து ஓர் அண்ணன்: பெயரே கேள்விப்பட்டதில்லை, டீச்சர். யார் இவர்?

இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், ஏஐடியுசி தொழிற்சங்கத் தலைவர். 1919இல் பிறந்து 2014இல் மறைந்தார். 1954 முதல் 1957 வரை மாநிலங்களவை உறுப்பினர். பிறகு 1957, 1974, 1977 என்று மூன்று முறை கோயம்புத்தூரிலிருந்து மக்களவைக்குப் போனார். கோவைத் தொகுதி இதுவரை தேர்ந்தெடுத்த ஒரே பெண் அவர்தான்.

இரண்டு பேர் கேட்டது: ஜமீன் வீட்டுப் பெண் என்கிறார்கள். அப்படியிருந்தும் செங்கொடிக் கட்சியா?

ஆமாம், சாதாரண ஜமீனும் இல்லை. அப்பா ப. சுப்பராயன் குமாரமங்கலம் ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. அம்மா ராதாபாய் வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் போனவர். 1938இல் இந்தியாவின் மேல்சபைக்குத் தேர்வான முதல் பெண்ணும் அவர்தான். அண்ணன்களில் ஒருவர் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதி ஆனார். இன்னொருவர் மோகன் குமாரமங்கலம். அவரைப் பற்றிக் கீழே வருகிறது.

பார்வதி ஆக்ஸ்போர்டில் படித்தார். இங்கிலாந்துக்குப் படிக்கப் போன இந்திய மாணவர்கள் பலரை அந்தக் காலத்தில் இடதுசாரி அரசியல் இழுத்தது. அவரும் மோகனும் அப்படித்தான் கம்யூனிஸ்டுகள் ஆனார்கள். கட்சித் தோழர் என்.கே. கிருஷ்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு முழுநேர இயக்க வேலையில் இறங்கினார். வசதியை விட்டு வந்தவர்கள் பல பேர் இருக்கிறார்கள். கடைசி வரைக்கும் திரும்பிப் போகாதவர்கள் குறைவு. அந்தக் குறைவான பேரில் இவர் ஒருவர். எனக்கு இவரைப் பிடித்ததற்குக் காரணம் இதுதான்.

படிவம் ஆறு மாணவி: மாநிலங்களவை என்பது நம்ம டேவான் நெகாரா மாதிரியா?

பாதிதான் பொருந்தும், பாப்பா. நம் மேலவையில் 70 பேர். அதில் 44 பேரை மாமன்னர் நியமிக்கிறார், 26 பேரைத்தான் மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கின்றன. இந்தியாவில் 12 நியமன உறுப்பினர்கள் போக மற்ற எல்லாரும் தேர்தலில் வருகிறவர்கள். மாநில எம்.எல்.ஏ.க்கள்தான் வாக்களிப்பார்கள். அதனால் 1954இல் பார்வதி உள்ளே போனது சட்டமன்றத்தில் கட்சிக்கு இருந்த பலத்தால். மக்களிடம் நேராக வாக்குக் கேட்டு ஜெயித்தது 1957இல்தான்.

அதே மாணவி: 1957இல் எப்படி ஜெயித்தார்?

கோவை அப்போது பஞ்சாலை ஊர். சங்கு ஊதினால் ஷிப்டுக்கு ஓடும் குடும்பங்கள். அவர்கள் நடுவில் செங்கொடிச் சங்கம் ரொம்ப காலமாக வேலை செய்துவந்தது. அந்தத் தேர்தலில் காங்கிரஸ் நாடு முழுவதும் அள்ளியது. கம்யூனிஸ்டுகளுக்கு மொத்தம் 27 இடங்கள், அதில் ஒன்று கோவை. இதில் ஒரு சுவாரசியம் உண்டு. அதே தேர்தலில் அப்பா சுப்பராயன் திருச்செங்கோட்டில் காங்கிரஸ் வேட்பாளராக ஜெயித்தார், பிறகு நேருவின் அமைச்சரவையில் போக்குவரத்து மந்திரியும் ஆனார். அதாவது, அப்பா ஆளுங்கட்சி வரிசையில், மகள் எதிர்க்கட்சி வரிசையில். ஐந்து வருஷம் ஒரே சபை.

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவர்: 1957க்கும் 1974க்கும் நடுவே 17 வருஷம். எங்கே போனார்?

எங்கும் போகவில்லை ஐயா, தொகுதிதான் கைமாறியது. 1962இல் காங்கிரஸின் பி.ஆர். ராமகிருஷ்ணன் ஜெயித்தார். 1964இல் கட்சியே இரண்டாக உடைந்தது. பார்வதி பழைய கட்சியிலேயே இருந்தார். 1967இல் கோவை மார்க்சிஸ்ட் கட்சியின் கே. ரமணிக்குப் போனது. 1971இல் திமுகவும் இந்திரா காங்கிரஸும் சேர்ந்த கூட்டணியில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே. பாலதண்டாயுதம் ஜெயித்தார். தேர்தலில் நிற்காத காலத்திலும் சங்கம் இருந்தது, மில் வாசல் இருந்தது. தேர்தல் முடிந்ததும் காணாமல் போகிற தலைவர்களை நாமும் நிறைய பார்த்துவிட்டோம். இவர் அந்த ரகம் இல்லை.

பலர் கேட்டது: 1974 இடைத்தேர்தல் ஏன் வந்தது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1973 மே 31. சென்னையிலிருந்து டில்லி போன இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் தரையிறங்கும் நேரத்தில் விழுந்து நொறுங்கியது. அதில் போனவர்களில் ஒருவர் மோகன் குமாரமங்கலம். அவர் 1960களில் கம்யூனிஸ்ட் கட்சியை விட்டுக் காங்கிரஸில் சேர்ந்து, 1971இல் புதுச்சேரியிலிருந்து எம்.பி. ஆகி, இந்திராவின் அமைச்சரவையில் எஃகு, சுரங்கத் துறை மந்திரியாக இருந்தார். அதே விமானத்தில் இன்னொருவர் கோவை எம்.பி. பாலதண்டாயுதம். இருவருமே உயிர் பிழைக்கவில்லை.

அண்ணன் போனார், தோழர் போனார். தோழரின் இடம் காலியானதால் கட்சி அங்கே நிறுத்தியது பார்வதியை. ஒரே விபத்தில் இரண்டு இழப்பைச் சுமந்துகொண்டு அவர் வாக்குக் கேட்டு நடந்திருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கிறது.

இப்போது அரசியல் கணக்குக்கு வருவோம். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கினார். 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில் அவருடைய வேட்பாளர் மாயத்தேவர் ஜெயித்தார். அடுத்த பெரிய சோதனை கோவை. 1971இல் திமுக துணையோடு ஜெயித்த கம்யூனிஸ்ட் கட்சி, 1974இல் எம்.ஜி.ஆர். துணையோடு திமுகவை எதிர்த்து நின்றது. பார்வதி ஜெயித்தார். அண்ணனின் புதுச்சேரி இடமும் அதே வருஷம் இடைத்தேர்தலுக்கு வந்து, எம்.ஜி.ஆர். கட்சியின் அரவிந்த பாலா பழனூரிடம் போனது.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு 1974 என்றாலே டத்தோ ஸ்ரீ சாமிவேலு இங்கே முதல் முறை ஜெயித்த வருஷம். அதே வருஷம்தான் அங்கே இது நடந்தது.

ஓர் இளைஞர்: மே மாதம் காலியான இடத்துக்கு மறு வருஷம்தான் தேர்தலா? நமக்கு 60 நாள்தானே?

ஆமாம் தம்பி, நம் அரசியலமைப்பில் 60 நாள். இந்தியாவில் அப்போது காலக்கெடு எதுவும் சட்டத்தில் இல்லை. ஆறு மாதத்துக்குள் நடத்த வேண்டும் என்ற விதி 1996இல்தான் வந்தது.

பெயர் போட வேண்டாம் என்றவர்: எமர்ஜென்சியை அவர் கட்சி ஆதரித்தது. அதைச் சொல்வீர்களா?

சொல்லாமல் எப்படி? 1975 முதல் 1977 வரை இந்திரா கொண்டுவந்த நெருக்கடி நிலையை இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஆதரித்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள், பத்திரிகைகளுக்குத் தணிக்கை. தொழிலாளர் உரிமை பேசிய கட்சி அந்தப் பக்கம் நின்றது பெரிய தவறு என்றே நான் நினைக்கிறேன். 1978 பட்டிண்டா மாநாட்டில் கட்சியே அதை ஒப்புக்கொண்டது.

1977 தேர்தலில் வடக்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டது. தெற்கே அப்படி இல்லை. அண்ணா திமுக, காங்கிரஸ், இந்தியக் கம்யூனிஸ்ட் மூன்றும் சேர்ந்த கூட்டணி தமிழ்நாட்டில் பெரும்பாலான இடங்களைப் பிடித்தது. கட்சிக்கு நாடு முழுவதும் கிடைத்தது 7 இடங்கள்தான். அந்த ஏழில் ஒருவர் பார்வதி. ஆக, அந்த வெற்றியை மட்டும் அவர் செல்வாக்கு என்று கணக்கெழுத முடியாது, கூட்டணிக்குப் பெரிய பங்கு உண்டு.

1980?

திமுகவும் இந்திரா காங்கிரஸும் கைகோத்து 39இல் 37 இடங்களை வாரிக்கொண்டன. கோவை திமுகவின் இரா. மோகனுக்குப் போனது. பார்வதி அதற்குப் பிறகு மக்களவைக்குள் வரவில்லை.

தொழிற்சங்கத்தில் இருந்த மாமா ஒருவர்: எவ்வளவு சொன்னாலும் அப்பா பெயரால்தானே ஜெயித்தார்?

மாமா, இதில் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். அப்பாவின் பெயர் செல்லுபடியாகும் இடம் திருச்செங்கோடு, சேலம் பக்கம். மோகனின் மகன் ரங்கராஜன் பிற்பாடு சேலத்தில் காங்கிரஸ் எம்.பி. ஆனதைப் பாருங்கள், குடும்பப் பெயர் எங்கே எந்தக் கட்சியில் ஓடும் என்பது தெரியும். பார்வதி 1957இல் நின்றது மில் ஊரில், அப்பாவின் கட்சிக்கு எதிராக. குடும்பப் பெயர் வேண்டுமென்றால் காங்கிரஸுக்குப் போயிருக்கலாம். அண்ணன் போனார், மந்திரியும் ஆனார். இவர் போகவில்லை, மந்திரியும் ஆகவில்லை. படிப்பும் ஆங்கிலமும் டில்லிப் பழக்கமும் வீட்டிலிருந்து வந்தவை, அதை மறுக்கவில்லை. ஆனால் வாக்கு மில் வாசலிலிருந்து வந்தது.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஓர் அக்கா: கோவை என்றால் வால்பாறைத் தேயிலைத் தோட்டமும் அதில் சேருமா?

வால்பாறை கோவை மாவட்டம்தான், அக்கா. ஆனால் நாடாளுமன்றத்துக்கு அது பொள்ளாச்சித் தொகுதியில் சேர்ந்தது. கோவைத் தொகுதியின் தொழிலாளர் என்றால் முதலில் பஞ்சாலைக்காரர்கள்தான்.

சுப்பராயன் 2004இலும் கோவை எம்.பி. என்று படித்தேனே?

அவர் கே. சுப்பராயன், வேறு ஆள். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். பார்வதியின் அப்பா 1962லேயே காலமாகிவிட்டார்.

கடைசியாக, மூன்று பெண்கள் சேர்ந்து அனுப்பியது: இப்போது அங்கே பெண்களுக்கு இடம் கூடியிருக்கிறதா? இங்கே?

2024 தேர்தலில் இந்திய மக்களவையின் 543 இடங்களில் பெண்கள் 74 பேர். மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் சட்டத்தை 2023இல் நிறைவேற்றினார்கள். ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அமல் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

இங்கே நம் இந்தியப் பெண்களில் கஸ்தூரி பட்டு 2013 முதல் 2022 வரை பினாங்கின் பத்து காவான் தொகுதி எம்.பி.யாக இருந்தார். சுங்கை சிப்புட்டுக்கு இன்னும் ஒரு பெண் எம்.பி. வரவில்லை. ரப்பர் பால் வெட்டியதிலும் செம்பனைக் காட்டு வேலையிலும் பாதிக்கு மேல் சுமந்தவர்கள் நம் அம்மாக்கள். சங்கக் கூட்டத்தில் அவர்களைப் பின்வரிசையில் உட்கார வைத்தே பழகிவிட்டோம். வேட்பாளர் பட்டியல் தயாராவதற்கு ரொம்ப முன்னாலேயே அந்த வரிசை மாற வேண்டும். கிளைத் தேர்தல் வரும்போது நீங்கள் மூவரும் பெயர் கொடுங்கள். முன்மொழிய ஆள் இல்லையென்றால் என்னிடம் வாருங்கள்.