உரம் என்று எழுதிவிட்டால் உரமாகிவிடுமா?

கேள்வி: மருத்துவமனைகளுக்கு நைட்ரஸ் ஆக்சைடு வாயு தயாரித்து வழங்கும் சிறு தொழிற்கூடம் ஒன்றை ஓசூர் அருகே தொடங்க இருக்கிறேன். மூலப்பொருளான அமோனியம் நைட்ரேட்டை வெளிநாட்டிலிருந்து நேரடியாகத் தருவிக்க எண்ணம். ஐ.இ.சி. எனப்படும் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் பெற்றுவிட்டேன். “உரம் என்று குறிப்பிட்டு இறக்கிவிடலாம், தனி உரிமம் வேண்டாம்” என்கிறார் தரகர் ஒருவர். அவர் சொல்வது சரியா?
— வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: சரியன்று. அந்தத் தரகரின் பேச்சைக் கேட்டு முன்பணம் எதுவும் அனுப்பிவிடாதீர்கள். ஐ.இ.சி. எண் இறக்குமதி செய்பவர் இன்னார் என்று காட்டும் அடையாளம் மட்டுமே. எந்தப் பொருளை இறக்கலாம் என்ற அனுமதியை அது தருவதில்லை. அமோனியம் நைட்ரேட்டையும், எடையில் 45 சதவீதத்துக்கு மேல் அது கலந்துள்ள கலவைகளையும், 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின்கீழ் வெடிபொருளாகவே கருத வேண்டும் என்று மத்திய அரசு 2011-இல் அறிவித்தது. அதைத் தொடர்ந்து 2012-இல் வந்த அமோனியம் நைட்ரேட் விதிகளின்படி, இறக்குமதி செய்யவும், இருப்பு வைக்கவும், பயன்படுத்தவும் உரிமம் பெற்றாக வேண்டும். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட, சிவகாசிப் பக்கத்தார் நன்கறிந்த ‘பெசோ’ என்னும் மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புதான் இதற்கான இறக்குமதி உரிமத்தை வழங்குகிறது. அமோனியம் நைட்ரேட்டைப் பிரித்தெடுக்க முடியாத உரங்களுக்கு இவ்விதிகளில் விலக்கு உண்டு. தரகர் மனத்தில் வைத்திருப்பது இந்த விலக்கைத்தான். ஆனால் அந்த விலக்கைத் தீர்மானிப்பது பைக்குள் இருக்கும் பொருளின் தன்மை. பையின்மேல் அச்சிட்ட பெயர் அன்று. நீங்கள் நைட்ரஸ் ஆக்சைடு தயாரிக்க வேண்டுமானால் உங்களுக்குத் தேவைப்படுவது தூய அமோனியம் நைட்ரேட்; அதற்கு இந்த விலக்கு எவ்வகையிலும் பொருந்தாது.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தென்கொரியாவிலிருந்து உரத் தரம் என்ற பெயரில் சென்னைக்கு வந்த அமோனியம் நைட்ரேட் சரக்கு ஒன்று வெடிபொருள் தரத்தது என்று கூறி, சுங்கத் துறை 2015-இல் அதைப் பறிமுதல் செய்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அது மணலியில், குடியிருப்புகளுக்கு அருகிலுள்ள சரக்குப் பெட்டக நிலையம் ஒன்றில் 37 பெட்டகங்களில் அடைபட்டுக் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் 2,750 டன் அமோனியம் நைட்ரேட் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகுதான், மணலியில் மிஞ்சியிருந்த 697 டன்னையும் மின்னணு ஏலத்தில் விற்று ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஐந்து ஆண்டுகளும் அதன் பக்கத்திலேயே மக்கள் உண்டு உறங்கி வாழ்ந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. தாளில் ஒரு சொல்லை மாற்றி எழுதினால் போதும் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு 2021-இல் விதிகள் திருத்தப்பட்டன. இப்போது அமோனியம் நைட்ரேட்டை மூட்டைகளாகத்தான் இறக்குமதி செய்யலாம். உதிரியாகக் கொண்டுவர இயலாது. துறைமுகத்தில் இறங்கிய சரக்கைத் துறைமுக எல்லையிலிருந்து 500 மீட்டருக்கு அப்பாலுள்ள கிடங்குக்கு மாற்ற வேண்டும். பறிமுதல் செய்த சரக்கை விரைந்து ஏலம் விடவும் வழி செய்யப்பட்டுள்ளது.

ஆகவே, முதலில் கிடங்குக்கான இடத்தை முடிவு செய்து, மாவட்ட நிர்வாகத்தின் தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். இருப்பு உரிமமும் இறக்குமதி உரிமமும் கைக்கு வந்த பிறகே விற்பனையாளருக்கு ஆர்டர் கொடுங்கள். உங்கள் தேவை சிறிதாக இருந்தால், உரிமம் பெற்ற உள்நாட்டு விற்பனையாளரிடம் வாங்குவதே எளிது என்பது என் கருத்து. அப்போதும் இருப்பு உரிமம் இல்லாமல் முடியாது.

கேள்வி: எங்கள் சாயப்பொருள் ஆலையில் அசெட்டிக் அன்ஹைட்ரைடு பயன்படுத்துகிறோம். இதற்கும் போதைப்பொருள் சட்டத்துக்கும் என்ன தொடர்பு?
— வாசகி, கடலூர்

பதில்: ஆஸ்பிரின் மாத்திரைக்கும் சாயத்துக்கும் உதவுகிற அதே திரவம்தான் மார்ஃபினை ஹெராயினாக மாற்றவும் பயன்படுகிறது. அதனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் 2013-இல் பிறப்பிக்கப்பட்ட கட்டுப்பாட்டு ஆணையின் ‘ஏ’ அட்டவணையில் இது இடம்பெற்றுள்ளது. வாங்குவோர், விற்போர், சேமிப்போர், பயன்படுத்துவோர் அனைவரும் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பணியகத்தின் மண்டல இயக்குநரிடம் தனிப் பதிவு எண் பெற்று, அன்றாட இருப்பைப் பதிவேட்டில் எழுதி, காலாண்டுக் கணக்கையும் அனுப்ப வேண்டும். அவ்வாணையின் ‘சி’ அட்டவணையிலுள்ள பொருள்களை இறக்குமதி செய்ய, குவாலியரிலுள்ள போதைப்பொருள் ஆணையரின் தடையின்மைச் சான்று ஒவ்வொரு சரக்குக்கும் முன்கூட்டியே தேவை. ஆணையை மீறினால் சட்டத்தின் 25-ஏ பிரிவின்படி பத்தாண்டு வரை கடுங்காவல் தண்டனை கிடைக்கலாம். உங்கள் ஆலைக்குப் பதிவு எண் உள்ளதா என்பதை இந்த வாரமே கணக்குப் பிரிவில் விசாரித்துவிடுங்கள்.