ஃபுகுஷிமா: அச்சமும் அறியாமையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃபுகுஷிமா அணு உலை விபத்து பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் அனல்மின் நிலையத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளன். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் நிலநடுக்கத்தாலும் சுனாமியாலும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 18,000 பேருக்கு மேல். கதிர்வீச்சால் நேர்ந்ததென்று அந்நாட்டு அரசு 2018இல் ஏற்றுக்கொண்டது ஒரே ஒரு பணியாளரின் மரணத்தைத்தான். ஆனால் உலகம் உலையை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. ஜெர்மனி தன் உலைகளை மூடிவிட்டது, கூடங்குளத்தில் போராட்டம் மூண்டது. இதெல்லாம் அறியாமையால் வந்த பீதி என்று நீங்கள் ஏன் வெளிப்படையாக எழுதவில்லை?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் எண்களில் பிழையில்லை. கதிர்வீச்சின் விளைவுகளை ஆராயும் ஐ.நா. அறிவியல் குழுவும், ஃபுகுஷிமா மக்களிடம் கதிர்வீச்சே நேரடிக் காரணம் என்று சொல்லத்தக்க உடல்நலக் கேடு எதுவும் காணப்படவில்லை என்றே கூறியிருக்கிறது. ஆயினும் அறியாமை என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்குக் காரணம் உலைக்கு அருகிலுள்ள நமியே என்ற ஊரில் நடந்தது.

மார்ச் 12 காலையில் வெளியேறச் சொல்லி ஆணை வந்ததும், நமியே மக்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் ஊரின் மலைப்பகுதியான த்சுஷிமாவுக்குச் சென்றார்கள். உலைக்கு வடமேற்கே வெகுதூரம் வந்துவிட்டோம் என்ற நிம்மதியில் குழந்தைகளை வெளியே விளையாட விட்டார்கள். மலையோடையில் நீர் மொண்டு சோறாக்கினார்கள். மார்ச் 15 அன்று காற்று அந்த வடமேற்குத் திசையிலேயே வீச, மழையும் பனியும் கதிரியக்கத் துகள்களை அங்கே இறக்கின. துகள்கள் எங்கே பரவும் என்று கணிக்கும் 'ஸ்பீடி' என்ற கணினி அமைப்பு ஜப்பான் அரசிடம் இருந்தது. அதன் கணிப்புகள் மார்ச் 14 அன்றே அமெரிக்கப் படையினருக்குத் தரப்பட்டன. சொந்த மக்களுக்கு மார்ச் 23இல்தான் வெளியிடப்பட்டன. உலையிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்று தெரியாததால் கணிப்பை நம்ப முடியவில்லை என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். காற்று எந்தப் பக்கம் வீசும் என்று சொல்வதற்கு அந்த அளவு எதற்கு?

கடல் பொங்கி வருவதைக் கரையில் நிற்பவர் கண்ணால் பார்க்கிறார், அது வடிந்த பிறகு எங்கே நிற்கலாம் என்பதையும் தாமே முடிவு செய்கிறார். கதிர்வீச்சுக்கு நிறமும் மணமும் கிடையாது. கருவியைக் கையில் வைத்திருப்பவர் சொன்னால்தான் அது இருப்பதே மற்றவர்களுக்குத் தெரியும். அப்படிச் சொல்ல வேண்டியவர்களோ, உலைக்கருக்கள் உருகிய பிறகும் மே மாதம் வரை அதை ஒப்புக்கொள்ளவில்லை. 'உருகல்' என்ற சொல்லையே பயன்படுத்த வேண்டாமென்று நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனத்தின் தலைவரே அறிவுறுத்தியிருந்தார் என்பது 2016இல்தான் வெளிவந்தது. "உடனடியாக உடல்நலத்துக்குப் பாதிப்பு இல்லை" என்று அரசு திரும்பத் திரும்பச் சொன்னபோது, அப்படியானால் பிறகு என்ன ஆகும் என்று கேட்காத தாய் இருந்திருக்க முடியுமா? டோக்கியோவின் ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக் குடிநீரில், கைக்குழந்தைகளுக்கான வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்றிருக்க, 210 பெக்கரல் கதிரியக்க அயோடின் இருந்ததாக மார்ச் 23 அன்று அறிவித்தார்கள். கடைகளில் தண்ணீர் பாட்டில்கள் தீர்ந்துபோயின. அந்த வரிசையில் நின்றவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மக்கள் அணுமின் நிலையம் என்றாலே ஓடுகிறவர்களும் அல்லர். நிலநடுக்க மையத்துக்கு இன்னும் அருகில், ஆனால் உயரமான இடத்தில் கட்டப்பட்டிருந்த ஒனகாவா நிலையம் அன்று பாதுகாப்பாக நின்றது. வீடிழந்த அக்கம்பக்கத்து மக்கள் நூற்றுக்கணக்கில் அந்த வளாகத்துக்குள்தான் தஞ்சம் புகுந்தார்கள். ஃபுகுஷிமாவிலோ 15.7 மீட்டர் அலை வரக்கூடும் என்று 2008இலேயே நிறுவனத்துக்குள் கணக்கிட்டும் தடுப்பை உயர்த்தவில்லை. ஆகவேதான் நாடாளுமன்ற விசாரணைக் குழு 2012இல் இதை மனிதரால் விளைந்த பேரழிவு என்றது.

அச்சம் கொல்லும் என்பதை நான் மறுக்கவில்லை. அதில் நீங்கள் சொல்வதைவிடக் கடுமையாகவே சொல்வேன். உலைக்கு அருகிலிருந்த ஃபுத்தாபா மருத்துவமனையின் படுத்த படுக்கையான முதியவர்களை, துணைக்கு மருத்துவர் இல்லாமல் பேருந்தில் உட்காரவைத்துப் பத்து மணி நேரம் சுற்றி ஒரு பள்ளியின் விளையாட்டுக்கூடத்தில் இறக்கினார்கள். அந்த மருத்துவமனையையும் அதன் முதியோர் இல்லத்தையும் சேர்ந்தவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். வெளியேற்றமும் அதைத் தொடர்ந்த அலைக்கழிப்பும் ஃபுகுஷிமா மாகாணத்தில் பறித்த உயிர்கள் 2,300க்கு மேல். அங்கே அலையில் மாண்டவர்களைவிட இது அதிகம். நீங்கள் தந்த இரு எண்ணிக்கைகளிலும் இவர்கள் இல்லை. யோகோஹாமாவில் ஃபுகுஷிமாவிலிருந்து வந்த ஒரு சிறுவனைச் சக மாணவர்கள் 'கிருமி' என்று அழைத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூடங்குளத்தைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 2004 சுனாமியில் கல்பாக்கத்தின் நீரேற்று அறைக்குள் கடல்நீர் புகுந்தும், இயங்கிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. அதை ஊரறியச் சொல்வதும், இடிந்தகரை மீனவர்களின் கேள்விகளுக்கு அமர்ந்து பதில் சொல்வதும் ஒரே கடமையின் இரு பகுதிகள் என்றே கருதுகிறேன்.

ஃபுகுஷிமாவின் உழவர்கள் 'வீணான பயம்' என்று எவரையும் கடிந்துகொள்ளவில்லை. 2012 அறுவடை முதல், அந்த மாகாணத்தில் விளைந்த அரிசியை மூட்டை மூட்டையாக, ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி மூட்டைகள், கருவிக்குள் செலுத்திச் சோதித்தார்கள். 2015 விளைச்சல் முதல் ஒரு மூட்டைகூட வரம்பை மீறவில்லை. அப்போதும் நிறுத்தாமல் 2019 விளைச்சல் வரை தொடர்ந்தார்கள். தேறிய ஒவ்வொரு மூட்டையிலும் எண்ணிட்ட ஒரு சீட்டை ஒட்டினார்கள். வாங்கியவர் அந்த எண்ணைக் கொண்டு தம் மூட்டையின் சோதனை முடிவைத் தாமே பார்த்துக்கொள்ள முடிந்தது.